கொசு விழுகிற சூடு

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

போன் அடித்து அடித்து அலுத்துவிட்டது. நீ எடுக்கப் போவதில்லை என்று புரிந்துதான் கடிதம் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழி.

இந்த வார 'துடைப்பி'யைப் பார்த்தேன். நானாகப் பார்க்கவில்லை. உன் செல்ல மருமகள் வாலு, காலையில் நான் சாப்பிட உட்கார்ந்ததும் பத்திரிகையை என் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள். ஒரு சமையலறை மேசை. அதன் மேல் அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு இரும்புக் கட்டிகள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெண். உன் புது வில்லன் குளிர்க்கையன் அவளிடம் சொல்கிறான்: "எல்லாம் ஆறிப்போச்சு. எதை வேணா எடு."

"அப்பா, இந்த மேசை நம்ம பழைய வீட்டுல இருந்த மேசை மாதிரியே இருக்கே," என்றாள் வாலு. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அத்தை கை இப்படித்தான் ஆச்சா?" என்றாள். கல்லூரிக்கு நேரமாகிவிட்டது என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன்.

வேடிக்கை என்னவென்றால் குளிர்க்கையனுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்தவனே நான்தான். உன் படக்கதைத் தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து கடைசிப் பக்கம் என்னுடையது. நீ மாயம் செய்வாய், நான் அதற்கு இயற்பியல் சொல்வேன். ஊர் கண்ணுக்கு மறைந்து திரிபவன் வந்தான். ஒளி அவன் கண்ணிலும் நிற்காமல் ஊடுருவிப் போகும், ஆகவே அவன் குருடன் என்று எழுதினேன், நீ அவன் கையில் ஒரு தடியைக் கொடுத்தாய். மனசை வாசிப்பவன் வந்தான். நாலு பேர் கூடினால் அவனுக்கு இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்காது என்றேன், நீ அவனைச் சந்தைக்குள் அனுப்பித் தோற்கடித்தாய். உன் நாயகி துடைப்பி ஒருவர் நெற்றியில் கை வைத்தால் அவருடைய நினைவு அழியும். அழிகிற தகவல் சும்மா போகாது, சூடாக மாறி அவள் உள்ளங்கையில் இறங்கும், அவள் கை வெந்துபோகும் என்று விதி எழுதியதும் நான்தான்.

அப்படித்தான் நீ கேட்டதும் யோசிக்காமல் குளிர்க்கையனுக்கும் எழுதிக் கொடுத்தேன். சிவக்கிற அளவுக்குச் சூடேறாத இரும்பு, ஆறிய இரும்பு மாதிரியேதான் இருக்கும், அது வீசுகிற ஒளி நம் கண்ணுக்குத் தெரியாத வகை, பார்ப்பவருக்குக் கிடைக்கும் தகவல் பூஜ்யம் என்று வாரா வாரம் விளக்கினேன். யாரைப் பற்றி எழுதுகிறேன் என்றே எனக்கு உறைக்கவில்லை.

அவனைக் கதையிலிருந்து எடுத்துவிடு அக்கா. என் மகள் முகத்தைப் பார்த்து நான் சாப்பிட வேண்டும், வேறொன்றும் கேட்கவில்லை.

தம்பி

*

ஜூன் 11

தம்பிக்கு,

இடது கையால் எழுதுவதால் கோணலாகத்தான் இருக்கும். உன் கல்லூரிப் பையன்கள் விடைத்தாளைவிட மோசமாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உனக்கு உறைக்காதது எனக்கு ஆச்சரியமாக இல்லை. வில்லனுக்கு உன் நடையைக் கொடுத்தேன். பேசும்போது ஆள்காட்டி விரலால் காற்றில் கோடு போடுகிற உன் பழக்கத்தைக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைக்க வைத்தேன். நீ எல்லாவற்றையும் படித்துவிட்டு, 'கட்டியின் எடையைக் கொஞ்சம் கூட்டினால் சூடு நீடிக்கும்' என்று ஓரத்தில் குறிப்பு எழுதி அனுப்பினாய். கூட்டிவிட்டேன்.

இத்தனை வருஷம் கழித்து இப்போது ஏன் என்று கேட்பாய். பள்ளி முடித்த லீவில் வாலு இங்கே வந்திருந்தாளே, அப்போது என் கையைப் பிடித்துத் தடவிக்கொண்டே சொன்னாள்: "அத்தை, அப்பா சொன்னாரு, உங்களுக்குச் சின்ன வயசுலேர்ந்தே அடுப்படியில கவனம் பத்தாதாமே." பாவம், ஆறுதலாகத்தான் சொன்னாள். நான் சிரித்துவிட்டு அவளுக்குத் தலை வாரிவிட்டேன், அவள் தூங்கின பிறகு உட்கார்ந்து குளிர்க்கையனை எழுதினேன்.

கவனம் பத்தாதவள் யார் என்று உனக்கு ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் நீ ஏதோ உரை நிகழ்த்த வேண்டியிருந்தது. தகவல் என்றால் என்ன என்று காட்ட ஒரு விளையாட்டு கண்டுபிடித்தாய். இரண்டு கட்டி, ஒன்று சூடு, ஒன்று குளிர், எது எது என்று சொன்னால் அதுதான் ஒரு பிட் தகவல். என்னை வைத்து ஒத்திகை பார்த்தாய். கண்ணை மூடச் சொன்னாய். எல்லாம் ஆறிப்போச்சு, எதை வேணா எடு என்றாய். எடுத்தேன். தோலோடு ஒட்டிக்கொண்டது, விட முடியவில்லை. அப்போது நீ சிரித்தாய்.

நான் படம் போடுகிறவளாக இருந்தேன். இப்போது கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று தொடாது. என் துடைப்பிக்கு இத்தனை வருஷமாக வேறு ஓர் ஆள் படம் போடுகிறார். அவரும் கண் ஆபரேஷனுக்குப் போகிறாராம், இனி வர மாட்டார். வேறு ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த வாரம் குளிர்க்கையன் சிரிக்கிறான். படம் நன்றாக வந்திருக்கிறது.

அக்கா

*

ஜூன் 19

அக்காவுக்கு,

பார்த்தேன். பல்லெல்லாம் தெரிய வரைய வைத்திருக்கிறாய். திருப்திதானே.

அது ஒரு விபத்து. அடுப்பிலிருந்து இறக்கி நேரமாகிவிட்டது, ஆறியிருக்கும் என்று நினைத்தேன். உன்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது யார்? அதற்கு ஏன் ஒரு படம் கூட இல்லை? நடந்ததில் உனக்குப் பிடித்த பாதியை மட்டும் எடுத்துக் கதை கட்டுகிறாய். நான் சிரித்தேன் என்கிறாய். கண்ணை இறுக்க மூடியிருந்தவள் நீ. நான் சிரித்ததை எப்படிப் பார்த்தாய்?

வீடு நரகமாகிவிட்டது. உன் பத்திரிகைகளை மொத்தமாகக் கட்டிப் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டேன். ஏன் என்று கேட்ட வாலுவைப் படிக்கப் போ என்று அனுப்பினேன். அவள் மேசை முழுக்கக் கிறுக்கல், பாடப் புத்தகத்தின் ஓரமெல்லாம் முகம் முகமாக வரைந்து வைத்திருக்கிறாள். நுழைவுத் தேர்வு முடிகிறவரை பென்சில், பிரஷ் எல்லாவற்றையும் வாங்கிப் பூட்டிவிட்டேன். அப்பாவிடம் பேச மாட்டாளாம். என் மனைவியும் அவள் பக்கம்தான். "உங்க அக்காவும் நீங்களும் அடிச்சுக்கறதுக்குப் பிள்ளையா கிடைச்சா?" என்கிறாள்.

உட்கார்ந்து பேசி, மறந்துவிட்டுப் போவோம். அதுதான் எல்லாருக்கும் நல்லது. இல்லையென்றால் உன் தொடரின் அடித்தளமே என் கையில் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள். துடைப்பி எதனால் நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

தம்பி

*

ஜூன் 27

தம்பிக்கு,

சிரிப்பைக் கண்ணாலா கேட்பார்கள்? பேராசிரியர் நீதான் சொல்ல வேண்டும்.

கண்ணை மூடியிருந்ததால்தான் எனக்கு அது ஒன்று மட்டும் தெளிவாக இருக்கிறது. நீ எங்கே நின்றாய், அம்மா எங்கே நின்றாள், ஒன்றும் தெரியாது. இருட்டில் ஒரு சிரிப்பு, அப்புறம் என் கை. இந்த வரிசை மாறிவிடக் கூடாதா என்று எத்தனையோ தடவை முயற்சி செய்து பார்த்தேன். கை சுட்ட பிறகு நீ பதற்றத்தில் சிரித்திருந்தால் மன்னித்திருப்பேன். நீ முன்னாலேயே சிரித்தாய். போன கடிதத்தில் பின்னால் என்று எழுதினேன், உனக்காகக் குறைத்து எழுதினேன்.

ஆறியிருக்கும் என்று நினைத்தவன் எதற்குடா சிரித்தாய்?

மறந்துவிட்டுப் போவோம் என்கிறாய். உன் சட்டம்தானே, மறந்துபோய்ப் பேசுகிறாய். நினைவு சும்மா அழியாது, அழிக்கிறவள் கை வேகும். நான் ஒரு தடவை வெந்துவிட்டேன். இந்த முறை நீ வா, உன் கையை என் நெற்றியில் வை. நான் மறக்கிறேன், நீ வெந்துபோ. கணக்கு நேராகிவிடும்.

பிள்ளையின் பென்சிலைப் பூட்டி வைத்திருக்கிறாய். நம் வீட்டில் படம் போடுகிற கைகள் மேல் உனக்கு அப்படி என்னதான் கோபம் என்று தெரியவில்லை.

அக்கா

*

ஜூலை 6

அக்காவுக்கு,

சரி. கணக்கு என்றாய், கணக்கே பேசுவோம்.

நினைவை அழித்தால் சூடு வரும் என்பது உண்மை. அதை மாற்ற யாராலும் முடியாது. ஆனால் எவ்வளவு சூடு என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன். ஒரு மனிதன் பிறந்ததிலிருந்து சேர்த்து வைத்த நினைவு மொத்தத்தையும், தாய் முகம், படித்த பாடம், பட்ட அடி எல்லாவற்றையும் மிச்சமில்லாமல் துடைத்தாலும், அந்தச் சட்டப்படி கட்டாயமாக வெளியேற வேண்டிய சூடு, ஒரு கொசு அரைச் சாண் உயரத்திலிருந்து மேசையில் விழுந்தால் எவ்வளவோ அவ்வளவுதான். கொசு விழுந்து யாருக்காவது கை வெந்து பார்த்திருக்கிறாயா?

துடைப்பியின் கை வேகாது. ஒரு நாளும் வெந்திருக்க முடியாது. அந்த எண் நான் இட்டுக்கட்டியது.

ஏன் என்று உனக்கு நினைவிருக்காது, எனக்கு இருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்தாய். யாரிடமும் பேசாமல் இருந்தவள் திடீரென்று என்னைக் கூப்பிட்டாய். "டேய், மத்தவங்க வலியையெல்லாம் துடைச்சுத் துடைச்சே ஒருத்திக்குக் கை வெந்துபோகுமா? அறிவியல்ல அதுக்கு இடம் இருக்கா?" என்று கேட்டாய். இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இருக்கு அக்கா என்றேன். அங்கேயே உட்கார்ந்து ஒரு பொய்க் கணக்குப் போட்டுக் காட்டினேன். நீ முதல் தடவையாகச் சாப்பிட்டாய்.

இப்போது குளிர்க்கையன் போகவில்லை என்றால் அடுத்த கடைசிப் பக்கத்தில் உண்மைக் கணக்கு வரும், என் பெயரோடு. உன் வாசகர்கள் கொசுவை அளந்து பார்க்கட்டும்.

தம்பி

*

ஜூலை 10

தம்பி,

உன் கடிதத்தைப் பல தடவை படித்துவிட்டேன்.

அந்தக் கட்டில் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீ காகிதத்தில் எண்களை எழுதிக் காட்டினாய். பாதி புரியவில்லை. ஆனால் வெந்த கைக்கு ஓர் அர்த்தம் இருக்க முடியும் என்று ஒருவன் கணக்குப் போட்டுச் சொல்கிறானே என்று பிடித்துக்கொண்டேன். அதை வைத்துத்தான் எழுந்தேன். எனக்கு வேறு தொழில் தெரியாது, வேறு பிள்ளையும் கிடையாது, துடைப்பி ஒருத்திதான். தீக்காயம் பட்ட பெண்கள் எத்தனை பேர் எனக்கு எழுதுகிறார்கள் தெரியுமா? கையை மறைக்காமல் வெளியே போகிறேன் அக்கா என்று எழுதுகிறார்கள். அவர்களிடம் போய்க் கொசு என்று சொல்லாதே.

குளிர்க்கையனை எடுத்துவிட்டேன். அடுத்த இதழில் இல்லை, அதற்கடுத்ததிலும் இல்லை. பத்திரிகை ஆசிரியரிடம் சொல்லியாகிவிட்டது. வாலுவிடம் நானே பேசி, அது கற்பனை என்று சொல்லிவிடுகிறேன். அடுப்படியில் எனக்குக் கவனம் பத்தாது என்றே இருக்கட்டும்.

அந்தப் பக்கத்தை அனுப்பாதே. அனுப்பியிருந்தால் நிறுத்து. கெஞ்சிக் கேட்கிறேன். உன்னிடம் நான் எதையும் கேட்டதில்லை.

அக்கா

*

ஜூலை 20

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. மனசு கனத்துவிட்டது. ஆனால் அது கைக்கு வருவதற்குள் பக்கம் அச்சுக்குப் போய்விட்டது, நான் என்ன செய்வேன்? ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் கதையே வேறு.

ஆனாலும் இது நல்லதற்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பொய்யின் மேல் எத்தனை நாள் வீடு கட்ட முடியும்? நீ புதிதாக ஒரு நாயகியை எழுதலாம். நானே உதவுகிறேன். கதவருகே உட்கார்ந்து, உள்ளே வருகிற ஒவ்வொரு காற்றுத் துகளையும் பார்த்துச் சூடானதை இந்தப் பக்கம், குளிர்ந்ததை அந்தப் பக்கம் என்று பிரித்து அனுப்புகிற ஒருத்தியை வைத்துப் பார். அவள் பார்த்ததையெல்லாம் நினைவில் வைக்க வேண்டும், நினைவு நிரம்பினால் வேலை நின்றுவிடும். அருமையாக வரும்.

குளிர்க்கையனை எடுத்ததற்கு நன்றி. நடந்ததை இரண்டு பேரும் மறந்துவிடுவோம். மறப்பதற்கு ஒன்றும் செலவில்லை என்றுதான் நானே எழுதிவிட்டேனே.

வாலுவோடு சின்னச் சண்டை. தோழி வீட்டில் சில நாள் தங்கிப் படிக்கிறேன் என்று போயிருக்கிறாள். கோபம் தணிந்தால் வந்துவிடுவாள்.

தம்பி

*

ஆகஸ்ட் 2

தம்பிக்கு,

வாசகர் கடிதங்கள் ஒரு மூட்டை வந்திருக்கின்றன. ஒருவர் செத்த கொசுவை உறைக்குள் வைத்து அனுப்பி, 'துடைப்பியின் கைக்கு மருந்து' என்று எழுதியிருக்கிறார். பள்ளிப் பிள்ளைகள் அவளைத் துடைப்பம் என்று கூப்பிடுகிறார்களாம். கையை மறைக்காமல் வெளியே போன பெண்களில் ஒருத்தி எழுதியது இரண்டே வரி. ஏன் எங்களை ஏமாற்றினீர்கள் என்று கேட்டிருக்கிறாள்.

ஆசிரியர் நேரில் வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, கைக்குட்டையை மடித்து மடித்து விரித்தார். தொடரை முடித்துவிடச் சொல்கிறார். கடைசியாக ஓர் இதழ் தருகிறார். போகும்போது வாசலில் நின்று, "உங்க தம்பிதானேன்னு நினைச்சேன்மா," என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பக்கம் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி சார் போன் பண்ணாரு. அக்கா கடிதம் வந்திருக்கு, பக்கம் போயிடுச்சான்னு கேட்டாரு. இன்னும் போகலை, நிறுத்தணுமான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் வேண்டாம், போகட்டும்னுட்டாரு."

அந்தக் கொஞ்ச நேரத்தில் நீ சிரித்தாயா என்று அவரிடம் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் உனக்கு நன்றி. இத்தனை வருஷமும் துடைப்பி ஒவ்வொரு தடவையும் யோசித்து யோசித்துத்தான் கை வைத்தாள், வலிக்குமே என்று. இனி அவள் யாரை வேண்டுமானாலும் யோசிக்காமல் துடைக்கலாம்.

அக்கா

*

ஆகஸ்ட் 9

அக்கா,

வாலு தோழி வீட்டில் இல்லை. அங்கே போகவே இல்லையாம். பூட்டி வைத்திருந்த அலமாரி உடைந்திருக்கிறது, பென்சில் பெட்டியைக் காணோம். என் மனைவி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். மகள் எங்கே என்று இவளுக்குத் தெரியும் போலிருக்கிறது, கேட்டால் "என்னைக் கேக்காதீங்க" என்கிறாள். வாலுவின் போனுக்கு அடித்தால் மணி போகிறது, எடுப்பதில்லை. போலீசுக்குப் போனேன். பதினெட்டு வயதாகிவிட்டது, தானாகப் போன பெண்ணை நாங்கள் என்ன செய்வது என்கிறார்கள்.

உன்னிடம் இருக்கிறாளா? போனில் சொல்ல வேண்டாம், நீளமாக எழுதவும் வேண்டாம். நேரில் வரட்டுமா என்றும் கேட்கவில்லை. வந்தால் கதவைத் திறக்க மாட்டாய் என்று தெரியும். ஆம் அல்லது இல்லை. ஒரே ஒரு பிட் போதும் எனக்கு.

நான் சிரித்தேனா இல்லையா என்று இப்போது நினைத்துப் பார்த்தால் எனக்கே தெரியவில்லை. உண்மையாகத் தெரியவில்லை. என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள், குளிர்க்கையனுக்கு என் பெயரையே வை. அவள் பத்திரமாக இருக்கிறாள் என்று மட்டும் சொல்.

தம்பி

*

ஆகஸ்ட் 17

தம்பிக்கு,

கடைசி இதழை இதோடு வைத்திருக்கிறேன். நீ பழைய பேப்பர்காரனிடம் போடுவதற்கு முன் ஒரு தடவை புரட்டிப் பார்.

உன் கணக்கை ஒரு துளி மீறவில்லை. துடைப்பி ஒரு வீட்டுக்குப் போகிறாள். அங்கே ஒரு பெண், பதினெட்டு வயது இருக்கும். தன் அப்பாவை மறக்க வேண்டும் என்று கேட்கிறாள். துடைப்பி பழக்கதோஷத்தில் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு நெற்றியில் கை வைக்கிறாள். ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் கலங்கக்கூட இல்லை. தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். அது ஒரு முழுப் பக்கம், வசனமே கிடையாது.

கடைசிப் பக்கத்தில் வாசலில் ஒருவன் நிற்கிறான். மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருக்கிறான். அந்தப் பெண் கதவைத் திறந்து அவனைப் பார்க்கிறாள். நான் அந்த இடத்துக்கு எழுதியிருந்த வசனம், "அப்பா, நீங்க போயிடுங்க." படம் போட்டவர் அதை அடித்துவிட்டு வேறு எழுதிவிட்டார். அப்பா என்று சொன்னால் நினைவு அழியவில்லை என்று ஆகிவிடுமாம், கணக்கு இடிக்குமாம். இப்போது அந்தப் பெண் ரொம்ப மரியாதையாகக் கேட்கிறாள்: "யார் வேணும் உங்களுக்கு?"

நான் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். இது அதிகம், பழைய வசனமே இருக்கட்டும் என்றேன். நம்பமாட்டாய், உண்மையிலேயே சொன்னேன். கேட்கவில்லை. பிடிவாதம் உன் பக்கத்துச் சொத்து.

நீ கேட்ட ஒரு பிட், அந்தப் பக்கத்தின் கீழ் மூலையில், படம் போட்டவர் கையெழுத்துப் போடுகிற இடத்தில் இருக்கிறது. எழுத்து உனக்குத் தெரிந்ததுதான். பாடப் புத்தகத்தின் ஓரத்தில் நிறையப் பார்த்திருப்பாய்.

வரைந்து முடித்துப் பிரஷைக் கழுவி வைத்ததும் அவள் கையை என் இடது கையில் எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டே இருந்தேன். சூடு எதுவும் இல்லை. உன் கணக்கு சரிதான்.

அக்கா